மேட்டுக்கு ஏறும் பெல்ட்

அந்தத் தெருவில் உருண்டையான எந்தப் பொருளும் பள்ளத்துக்குப் போகாது, மேட்டுக்குத்தான் ஏறும். பதினேழு வருடமாக இப்படித்தான். தெரு ஒரு கோடியில் தொழிற்சாலை வாசலில் தொடங்கி, மெல்ல ஏறி, நடுவில் திமில் போல நிமிர்ந்து, மறுபக்கம் பேருந்து நிறுத்தத்துக்கு இறங்குகிறது. திமிலின் உச்சியில் ஒரு வீடு. முன் அறையில் தையல்காரர், பின் அறையில் அவர் மனைவி கடைசல்காரி. கை நழுவிய பந்து, கோலி, கழன்று ஓடிய சைக்கிள் சக்கரம் எல்லாம் அந்த வாசலில்தான் வந்து நிற்கும். இதற்குக் காரணம் பூதமும் இல்லை, பூகம்பமும் இல்லை, நான்கு டிகிரி. ஆளுக்கொரு கதை சொல்லித் திரிவதால், நடந்ததை ஒருமுறை ஒழுங்காகச் சொல்லி வைப்பது நல்லது.

கடைசல்காரி அந்தத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் லேத் முன்னால் நின்றவள். லேத்தில் சுற்றும் உலோகத்தைச் செதுக்குவது விரல் நீளத்தில் ஓர் எஃகுத் துண்டு, டூல் என்பார்கள். அதன் மூக்கை எந்தச் சாய்வில் தீட்டியிருக்கிறதோ, அதில் இருக்கிறது கடைசல் வேலையின் மானம். ஆனால் அங்கே டூல் தீட்டும் அறைக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு சாவி, சாவி ஃபோர்மேனின் இடுப்பில். சுவரில் ஒட்டிய அட்டவணையைப் பார்த்து எல்லா டூலையும் ஒரே சாய்வில் அவரே தீட்டிக் கொடுப்பார். அவருடைய உடம்பும் அப்படித்தான். முன்னால், பின்னால், பக்கவாட்டில், எங்கே நின்று பார்த்தாலும் ஒரே அளவு. "பித்தளைக்கு இந்த மூக்கு ஆகாது சார், கடிச்சு இழுக்கும்" என்று கடைசல்காரி பத்து முறை சொல்லியிருந்தாள். பதினோராவது முறை சொல்வதற்குள் கடித்து இழுத்தே விட்டது. பித்தளை உருளை பிடியை விட்டுத் துள்ளிப் போய் ஃபோர்மேனின் டீக் கிளாஸை உடைத்தது. பழி டூலின் மேல் விழவில்லை. நாளையிலிருந்து அட்டைப் பெட்டி ஒட்டும் பக்கம் போகச் சொல்லிக் கடைசல்காரிக்கு உத்தரவானது.

"பெட்டி ஒட்ட நான் வரல சார். வீட்டுல மிஷின் செஞ்சு என் டூலை நானே தீட்டிக்கிறேன்."

"மிஷினா? எதுல செய்வ? உங்க வீட்டுக்காரர் தையல் மிஷின்லயா?" என்றார் ஃபோர்மேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்காதவருக்கு அன்று டூல் கிடைக்காது. "எழுதி வச்சுக்கம்மா. அது மட்டும் ஓடட்டும், உன் வீட்டு வாசலுக்கு நான் உருண்டே வரேன்."

"வாசலைப் பெருக்கி வைக்கிறேன் சார்" என்றாள் கடைசல்காரி.

வேலை முடிய ஒரு மணி நேரம் பாக்கி இருந்தது. கழிவில் கிடந்த அலுமினியக் கட்டை ஒன்றை லேத்தில் ஏற்றி, தான் செய்யப்போகும் மிஷினில் டூல் தீட்டும் பெல்ட் ஓடுவதற்கான மேல் சக்கரத்தைக் கடைந்தாள். பெல்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் பள்ளம் பார்த்துப் போகும். பெல்ட் மேடு பார்த்து ஏறும். அதனால் சக்கரத்தின் இரண்டு ஓரத்தையும் ஒரு டிகிரி சரித்து, நடுவில் லேசாகப் புடைப்பு விட்டால், பெல்ட் ஓரத்தில் நழுவாமல் நடுவிலேயே ஓடும். ஒரு டிகிரி போதும். அன்றைக்கு இருந்த கோபத்தில் ஐந்து விழுந்துவிட்டது, நான்கு டிகிரி அதிகம். வீட்டுக்கு வந்து அளந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"கொஞ்சம் சீவிடேன்" என்றார் தையல்காரர்.

"எதுல சீவ? லேத் அவங்ககிட்ட இருக்கு. இருக்கட்டும், கோபத்துல வந்தது அப்படியே இருக்கட்டும்."

பழைய தண்ணீர் மோட்டார், கட்டிலிலிருந்து கழற்றிய இரும்புச் சட்டம், பெல்ட்டை இழுத்துப் பிடிக்க ஒரு கதவு ஸ்பிரிங், டூலைச் சாய்த்து வைக்கும் மேடைக்கு ஒரு கீல். பெல்ட்டுக்காக உப்புத்தாள் துணியை வெட்டி வளையமாக ஒட்டுகிற இடத்தில் தையல்காரர் தலையிட்டார். "நேரா வெட்டி ஒட்டினா ஒவ்வொரு சுத்துக்கும் தட்டும். கழுத்துப்பட்டிக்கு வெட்டுற மாதிரி குறுக்கால வெட்டு" என்றார். வெட்டினாள், தட்டவில்லை. முதல் தடவை மோட்டார் தலைகீழாகச் சுற்றி, டூல் மேலே பாய்ந்து கூரை உத்தரத்தில் குத்தி நின்றது. பிடுங்கிப் பார்த்தும் வரவில்லை, இப்போது அதில்தான் விளக்கு தொங்குகிறது. இரண்டாவது தடவை சரியாக ஓடியது. பெல்ட் நடுவில் போய் உட்கார்ந்தது என்றால் அப்படி ஓர் உட்காரல். மரக்கட்டையால் தள்ளினாலும் அசையவில்லை. அதே நேரத்தில் முன் அறையிலிருந்த நூல்கண்டுகள் எல்லாம் மேசையிலிருந்து இறங்கி, வாசற்படி ஏறி, பின் அறைக்கு வந்து இயந்திரத்தைச் சுற்றி நின்றன.

"இந்தா, உன் மிஷின் என் நூலைக் கூப்பிடுது."

"வந்ததை எடுத்து வைங்க. எனக்கு வேலை இருக்கு."

மறுநாள் எலுமிச்சம்பழங்கள் வந்தன. பள்ளத்தில் வண்டி போட்டிருந்த பழக்காரர் திட்டிக்கொண்டே பின்னால் ஏறி வந்தார். மூன்றாம் நாள், "தினம் ஏறி இறங்க என்னால ஆகாது" என்று வண்டியையே மேட்டுக்கு மாற்றிக்கொண்டார். முழுநிலா அந்தக் கூரைக்கு மேலே சற்றுக் கூடுதல் நேரம் நிற்கும் என்று சொல்பவர்களும் உண்டு. அதற்குச் சாட்சி இல்லை; நிலா உருண்டையா தட்டையா என்று அங்கே யாரும் தொட்டுப் பார்த்ததில்லை.

தொழிற்சாலைக்காரர்கள் சாப்பாட்டு டப்பாவுக்குள் டூலை ஒளித்து மேட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினார்கள். பித்தளைக்கு ஒரு மூக்கு, எஃகுக்கு ஒரு மூக்கு என்று கடைசல்காரி தீட்டிக் கொடுத்தாள். அதோடு நின்றிருந்தால் சரி. தொழிற்சாலை முற்றத்திலிருந்த உருட்டுக் கம்பிகளும் வாசலைத் தாண்டி வர ஆரம்பித்தன. அவள் ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பாள். அவள் வீடு திரும்புவதற்குள் கம்பிகள் திரும்பியிருக்கும். நிர்வாகம் புகார் எழுதியது. நகராட்சிப் பொறியாளர் மட்டக்கோல் வைத்து மூன்று நாள் அளந்து, "சரிவு இருக்கிறது; ஆனால் யாரும் அதை மதிப்பதில்லை" என்று குறிப்பெழுதினார். சக்கரத்தின் புடைப்பைச் சீவி மட்டமாக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"மேட்டைச் சீவினா பெல்ட் ஓரத்துக்குப் போய்க் கழண்டுக்கும் சார்" என்றாள் கடைசல்காரி. "இந்த வீட்டுல இனிமே எதுவும் ஓரத்துக்குப் போறதா இல்ல."

அடுத்த வாரம் வீட்டுக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். தையல்காரர் தைத்துக்கொண்டிருந்த சட்டையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "உருண்டு வரேன்னு சொன்ன அந்த மனுஷன் வாய்முகூர்த்தம் பலிக்கட்டும்" என்று தையல் இயந்திரத்தின் மிதிகட்டையைக் கழற்றிப் பெல்ட் சக்கரத்தோடு பூட்டி, உட்கார்ந்து மிதித்தார். இயந்திரம் ஓடியது. வேகம் மட்டும் குறைந்தது. தெருவில் ஏறுகிற பொருள்களும் அவசரம் விட்டு, கல்யாணத்துக்கு வருகிறவர்களைப் போல நிதானமாக ஏறின.

ஃபோர்மேன் அதுவரை எப்படித் தப்பினார் என்றால், தொழிற்சாலை வாசல் தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் வெளியே வருவார். அன்று ஓடிப்போகும் கடைசிக் கம்பியைப் பிடிக்க இரண்டு கையையும் நீட்டிவிட்டார். விழுந்தார், விழுந்த இடத்தில் நிற்கவில்லை. மோட்டாராக இருந்தால் ஒரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்திருப்பார். மிதிகட்டை என்பதால் அரை மணி நேரம் ஆனது. தெருவே வெளியே வந்து நின்றது. "சார், வலப்பக்கம் குழி, பாத்து!" என்றார் ஒருவர். "தலை மேல வர்றப்போ மூச்சு விட்டுக்குங்க சார்!" என்றார் இன்னொருவர். பழக்காரர் மரியாதையாக வண்டியை ஓரம் கட்டினார். கடைசல்காரி பெருக்கி வைத்திருந்த வாசலில் ஃபோர்மேன் வந்து நின்றார்.

"எழுந்திருங்க சார். சட்டை பூரா மண்ணு."

"நான் ஒண்ணும் விழல" என்றார் ஃபோர்மேன், வானம் சுற்றி முடியும்வரை காத்திருந்து. "சொன்ன சொல் தவறக் கூடாதுன்னு வந்தேன்."

"நல்லது. மிஷின் ஓடுது, பாத்துக்குங்க."

அவர் பார்த்தார். மிதிக்கும் தையல்காரரைப் பார்த்தார், நடுவை விடாத பெல்ட்டைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார். "மூணு மாசமா இதை ஒருத்தனும் கேக்கலம்மா" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. சாவி தட்டையான பொருள். தானாக ஏறி வராது. அதைக் கொண்டுவர உருண்டையாக ஓர் ஆள் வேண்டியிருந்தது.

கடைசல்காரி அதை வாங்கவில்லை. "எனக்கெதுக்கு சார்? கதவைத் திறந்து விட்டுட்டு சாவியை எங்கயாவது போடுங்க. அவங்கவங்க டூலை அவங்கவங்களே தீட்டட்டும். நாளைக்கு நானும் வரேன், லேத்துக்கு."

ஃபோர்மேன் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார். மறுநாள் அறை திறந்திருந்தது, அட்டவணை கிழிந்திருந்தது. கடைசல்காரி தான் தீட்டிய டூலை மாட்டிப் பித்தளை கடைந்தாள், அது கடிக்கவில்லை. மின்சாரம் திரும்ப வந்தது. இப்போது லேத் அவள் கையில் இருந்தது. அந்த நான்கு டிகிரியைச் சீவ இரண்டு நிமிடம் போதும். நிர்வாகம் கேட்டது, பொறியாளர் வேண்டிக்கொண்டார், ஃபோர்மேன் கும்பிட்டே கேட்டார். அவள் சீவவில்லை.

தொழிற்சாலையில் கம்பிகளைக் கட்டி வைக்கப் பழகிக்கொண்டார்கள். தெருவில் வண்டி நிறுத்துகிறவர்கள் சக்கரத்துக்கு மேட்டுப் பக்கம் கல் வைக்கிறார்கள். புதிதாகக் குடிவருகிறவர்களிடம் வீட்டுச் சொந்தக்காரர், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், குப்பை எந்தக் கிழமை எடுப்பார்கள் என்று சொல்லிவிட்டு, படி இறங்கும்போது நினைவு வந்தவராகத் திரும்பி, "பந்து கிந்து காணாப் போச்சுன்னா கீழ தேடாதீங்க, மேல போய்க் கேளுங்க, எடுத்து வச்சிருப்பாங்க" என்கிறார்.