சிவப்புக்கு நேரே

அந்த ஏரியைச் சுற்றி நான்கு கலங்கரை விளக்கங்கள். கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் ஊரில் பாதிப் பேருக்குக் கை நீட்டிக் காட்டத் தெரியாது. ஏரிக்கரை ஹோட்டல் முதலாளி எங்கேயோ சுற்றுலா போய், நிஜமானவற்றைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு வந்து, அதே அச்சில் தகரத்தால் கட்டி நிறுத்திய பொம்மைகள் அவை. ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் பட்டை; ஒன்றிலும் விளக்குக் கிடையாது. ஆனாலும் ஊருக்கு அடையாளம் அவைதான். முடிவெட்டும் கடைக்கு வழி கேட்டால் பச்சைப் பட்டைக்கு எதிர்ச்சந்து என்பார்கள்.

படகுக்காரர்களுக்கு அவற்றில் ஒன்று உயிர். ஏரிக்கு நடுவே, தண்ணீருக்கடியில், பழைய கல்குவாரியின் சுவர் நிற்கிறது. காலைப் பனியில் சிவப்புப் பட்டை ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். படகின் மூக்கைச் சிவப்புக்கு நேரே வைத்துப் போனால் சுவரிலுள்ள இடைவெளி வழியாகத் தாண்டிவிடலாம். இதைவிட்டால் வேறு வித்தை அவர்களிடம் இல்லை.

போன வியாழக்கிழமை முதலாளி பெயிண்டரைக் கூப்பிட்டார்.

"சிவப்புதான்யா எடுப்பா இருக்கு. அது என் வாசல்ல நிக்கணும். இங்க இருக்கற கறுப்ப அங்க அடிச்சுடு. படகுக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிடு, மறந்துடாத."

பெயிண்டர் மறக்கவில்லை. அதுதான் கொடுமை. மறந்திருந்தால் மனுஷன்தானே என்று மன்னித்துத் தொலைக்கலாம். சாயங்காலம் ஏணியைவிட்டு இறங்கி, மண்ணெண்ணெயில் கையைக் கழுவிக்கொண்டு, படகுத்துறையில் இருந்த மூன்று பேரிடமும் சொன்னான். நான்காவது படகுக்காரர் அவனுடைய அக்கா புருஷன். காய்ச்சல் என்று அன்று வீட்டில் படுத்திருந்தார். சொந்த அத்தானுக்குச் சொல்லாமலா இருப்பான் என்று மற்ற மூவரும் விட்டுவிட்டார்கள்.

அந்த அத்தானோடு நாலு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை. துறையில் பத்துப் பேர் முன்னால் "பொம்மைக்குச் சாயம் பூசுறவனுக்கு இவ்வளவு திமிரா" என்று ஒரு வார்த்தை விட்டிருந்தார். விளையாட்டாகச் சொன்னதுதான். பெயிண்டருக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது.

தன் வீட்டுக்குப் போக அக்கா வாசலைத் தாண்டியாக வேண்டும். வந்தான். நின்றான்கூட. உள்ளே அத்தான் இருமுவது கேட்டது. காய்ச்சல்காரர் நாளைக்கு எங்கே படகெடுக்கப்போகிறார் என்று ஒரு மனது சொன்னது. எடுத்தால் எடுக்கட்டும், சுவரில் கொஞ்சம் உரசி எல்லார் முன்னாலும் மூக்கறுபடட்டும் என்று இன்னொரு மனது சொன்னது. பாவி, நடையைக் கட்டிவிட்டான்.

விடிந்ததும் காய்ச்சல் விட்டிருந்தது. பனி கனமாக இருந்தது. அத்தான் தனியாகப் படகெடுத்து, மூக்கைச் சிவப்புக்கு நேரே வைத்து, முழு வேகத்தில் போனார். படகு சுவரில் ஏறிக் குப்புறக் கவிழ்ந்தது. இஞ்சின் நிற்கவில்லை. அதன் விசிறி அவர் தொடையைக் கிழித்து, இடுப்பு வரை ஏறியிருந்தது. கரைக்குக் கொண்டுவந்தபோது அவரிடம் ரத்தமே மிச்சமில்லை.

படகுக்காரர்கள் நேராக ஹோட்டலுக்குள் போனார்கள். வரவேற்பு மேசையின் கண்ணாடி முதலில் போயிற்று. முதலாளியின் சட்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினார்கள். முதல் அடி யாருடையது தெரியுமா? பெயிண்டருடையது. மற்றவர்களைவிட வெறியோடு அடித்தான். முதலாளியின் இரண்டு பற்கள் உடைந்து அவன் விரல் முட்டியைக் கிழித்தன. அப்போதும் அவன் நிறுத்தவில்லை.

"எல்லார்கிட்டயும் சொல்லச் சொன்னேனே... இவன்கிட்டதான் சொன்னேன்," என்றார் முதலாளி, ரத்தத்தைத் துப்பிக்கொண்டே.

அடி நின்றது.

"எங்க மூணு பேர்கிட்டயும் சொன்னான்," என்றார் துடுப்பு வைத்திருந்த மூத்த படகுக்காரர். பெயிண்டர் பக்கம் திரும்பினார். "அவர்கிட்ட சொன்னியா?"

செத்தவர் வந்து மறுக்கவா போகிறார்?

"சொன்னேன்," என்றான் பெயிண்டர். "தலையாட்டுனாரு. காய்ச்சல்ல மறந்திருப்பாரு."

"எப்போ?"

கேட்டது அக்கா. புருஷனை மடியில் கிடத்தியிருந்ததில் நனைந்த சேலையோடு ஹோட்டல் வாசலில் நின்றாள்.

"நாலு மாசமா அவர் மூஞ்சியப் பாக்காதவன், எப்போடா சொன்ன?"

அவன் கிழிந்த விரல் முட்டியைச் சட்டையில் துடைத்தான்.

"காலையில கிளம்பும்போது என்ன சொன்னார் தெரியுமா? சாயம் மங்கிப்போச்சுன்னு பூச உன் தம்பி நேத்து பூரா வெயில்ல ஏணி மேலயே நின்னானாம், திரும்பி வந்ததும் நானே போய்ப் பேசிடறேன்னார்."

மூத்தவரின் கையிலிருந்து துடுப்பை வாங்கினாள். முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்தது முழங்கையில். எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அவன் தடுக்கவில்லை. மூன்றாவது அடிக்கு மண்டியிட்டு விழுந்தான், கண்ணாடித் துண்டுகள் மேல்.

"சொல்லலக்கா," என்றான். "வாசல்ல வந்து நின்னேன். உள்ள இருமுனாரு, கேட்டுச்சு. சொல்லல."

நாலாவது அடிக்கு ஓங்கிய துடுப்பை அக்கா இறக்கினாள். அதை மூத்த படகுக்காரரிடமே திருப்பி நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

"அக்கா," என்றான்.

அவள் புருஷன் கிடந்த கரைக்குப் போகத் திரும்பினாள். போகும்போது ஹோட்டல் கதவைப் பின்னால் சாத்திவிட்டுப் போனாள்.