அஜரத் சொல்லாத நாட்கள்

ஓதிப் பார்க்க வந்த நாலாவது நாள் சாயங்காலம் ராமுத்தாய் என் அடுப்படிக்குள் வந்து நின்று, "ஒங்க பாப்பா எங்க?" என்று கேட்டாள்.

நான் புட்டுக்கு அவித்த அரிசிமாவில் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துப் பிசைந்துகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. மம்சாபுரத்தில் தோட்டத்துக் கிணற்றில் தவறி விழுந்து, யாரோ குதித்துத் தூக்கிய நாளிலிருந்து மூன்று வாரமாக ஒரு சொல் பேசாத பிள்ளை. நாலரை வயசு. தூக்கத்தில் உடம்பு தூக்கிப் போடும், சோற்றைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்ளும் என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள்.

"இன்னும் வரலம்மா," என்றேன்.

அவள் மாவையே பார்த்தபடி யோசித்தாள். "பஸ்சு கெடைக்கலையோ?"

எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். மாமியார் கேட்டிருக்கிறார், தெருக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், மதுரையில் ஒரு டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறார். ஒருத்தரும் இவ்வளவு நியாயமான காரணத்தை எடுத்துக் கொடுத்ததில்லை. சிரித்தேன். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. மாவுக் கையோடு முன்னறைக்கு ஓடி, "அய்யம்மா, ஒன் மக பேசுறா," என்றேன். பாயில் இருந்த அய்யம்மாள் எழுந்த வேகத்தில், ஓதி வைத்திருந்த தண்ணீர்ச் செம்பு உருண்டுபோனது.

என் வீட்டுக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருப் பள்ளிவாசலில் இமாம். ஊருக்கு அவர் அஜரத். பேரைச் சொன்னால் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். பள்ளிவாசலை ஒட்டித்தான் வீடு. சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் முன்னறையில் பாயை விரித்து உட்காருவார். பொழுது அடைந்து மகரிபு பாங்கு சொல்லும் வரை யார் வேண்டுமானாலும் வரலாம். வருகிறவர்களில் பாதிக்கு மேல் எங்கள் ஆட்கள் கிடையாது. மடவார் வளாகத்தில் வைத்தியநாதரைக் கும்பிட்டுவிட்டு, பூசிய விபூதியோடு வந்து உட்காருவார்கள். பேரையும் தாய் பேரையும் கேட்பார். என்ன செய்கிறது என்று கேட்பார். அல்ஹம்து சூரா ஏழு தடவை, ஆயத்துல் குர்ஸி, குர்ஆனின் கடைசி மூன்று சூராக்கள். ஓதி முடித்து முகத்தில் மெதுவாக ஊதுவார், கொண்டுவந்த தண்ணீரிலும் ஊதிக் கொடுப்பார். தகடு, கயிறு எதுவும் இல்லை. "நான் ஓதுறேன், அம்புட்டுத்தான். சொகம் குடுக்குறவன் அல்லா. டாக்டரு எழுதின மாத்திரைய நிறுத்திராதீக," என்று எல்லோரிடமும் சொல்வார். அய்யம்மாளிடம் ஏழு நாள் வரச் சொல்லியிருந்தார்.

அய்யம்மாளுக்கு ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை. மூன்று மணிக்கே சொல்லிக்கொண்டு கிளம்பி, மம்சாபுரம் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மறுபடி பஸ் பிடித்து இங்கே வருவாள். புருவத்திலும் முன்மயிரிலும் காஸ் துணியின் பஞ்சு ஒட்டியிருக்கும். புருஷன் லாரியில் போகிறவன், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். என் வீட்டுக்காரர் ஓதி முடித்ததும் அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். அந்த அரை மணி நேரம் பிள்ளை என்னிடம் இருக்கும்.

அந்த அரை மணி நேரத்துக்காக நான் காலையிலிருந்தே காத்திருக்க ஆரம்பித்தேன். பழைய சேலையில் கவுன் தைத்தேன். நல்லெண்ணெய் தேய்த்து வாரினால் அவளுடைய செம்பட்டை முடி அடங்கும் என்று கண்டுபிடித்தேன். பேச்சு திரும்பியதும் மூன்று வாரத்துக்கும் சேர்த்துப் பேசினாள். "ஒங்க வீட்டு அடுப்பு ஏன் சிரிக்குது?" "அந்த அய்யா ஏன் என் மூஞ்சியில ஊதுதாக? நான் என்ன சூடாவா இருக்கேன்?" இதைச் சொன்னபோது அவர் தாடிக்குள் சிரிப்பை அடக்கியதைப் பார்த்தேன். ஆறாம் நாள் என் கையால் ஒரு கும்பா சோறு சாப்பிட்டாள். உருட்டி வைக்கும்போது அவள் பல் என் விரலில் பட்டது. அந்தக் கையைக் கழுவப் போனவள் வாளிப் பக்கத்தில் செத்த நேரம் சும்மா நின்றேன்.

ஏழாம் நாள், அடுத்த தெருவில் ஒரு மௌத்து. ஓதி முடித்த கையோடு அவர் அடக்கத்துக்குக் கிளம்பிவிட்டார். அய்யம்மாள் செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இன்னியோட முடிஞ்சுதுல்லக்கா? ராவு நல்லாத் தூங்குதா. ஒங்க ரெண்டு பேரையும் மறக்க மாட்டேன்."

பிள்ளை என் சேலை முந்தியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"இருபத்தோரு நாள் வரணும்னு சொன்னாக," என்றேன்.

"யாரு, அஜரத்தா?"

"அவியதான். பாதியில விட்டா பயம் திரும்பிரும்னு சொன்னாக."

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னேன் என்பது எனக்கே தெரிந்தது. அய்யம்மாள் மனசுக்குள் எதையோ கூட்டிக் கழித்தாள். "சூப்பர்வைசர் ஏற்கெனவே மூஞ்சியக் காட்டுதான். இருக்கட்டும். அவிய சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

மறுநாள் அவர்கள் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அவர் கொல்லைப் பக்கம் வந்தார். நான் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பிள்ளைக்குத் திரும்ப ஏதும் செய்யுதா?"

"இல்ல. நாந்தான் வரச் சொன்னேன்."

"யாரு சொன்னதாச் சொன்ன?"

நான் வாளியை மறுபடி கிணற்றுக்குள் இறக்கினேன். அவர் கை கால் கழுவி ஒளு செய்ய உட்கார்ந்தார். வலது காலில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார், செம்பு காலியான பிறகும் சாய்த்துப் பிடித்தபடி. திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அவர் திட்டவில்லை. உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்து பிள்ளையின் தலையில் கை வைத்தார். பதினோரு வயசில் குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்த மனுஷர். அன்று ஆயத்துல் குர்ஸியின் நடுவில் நின்றுவிட்டார். முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி அதே இடத்தில் நின்றார். அய்யம்மாளுக்குத் தெரிந்திருக்காது. அடுப்படித் திரைக்குப் பின்னால் நின்ற எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஒன்று கவனித்தேன். பிள்ளை வருகிற நேரத்துக்கு அவரும் தெருமுனையைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். ஒருநாள் ஜிப்பாப் பையிலிருந்து நாலு கடலை மிட்டாயை எடுத்து அடுப்படி மாடத்தில் வைத்துவிட்டுப் போனார். அதைப் பார்த்ததும் என் மனசு லேசாகிவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து செய்தால் தப்பு பாதியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினாலாம் நாள் வெள்ளிக்கிழமை. அய்யம்மாள் வெகுநேரம் கழித்து வந்தாள். சேலையெல்லாம் வேர்வை. பிள்ளையை இறக்கிவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள்.

"வேலை போச்சு அஜரத்து," என்றாள், பஸ் போய்விட்டது என்பதுபோல. "தெனமும் அர நாள்ல ஓடுறவ எதுக்குன்னுட்டான். நாளையிலருந்து வர வேண்டாமாம். பரவால்ல, வேற கம்பெனி பாத்துக்கிடலாம். புள்ளதான முக்கியம். இன்னும் ஏழு நாள்தான?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ராமுத்தாய் அதற்குள் அடுப்படிக்கு வந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். வெளியே அவர் தொண்டையைச் செருமினார். பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு ஏதோ சொல்லப் போகிறார் என்று புரிந்தது. பிள்ளையின் கையை விலக்கிவிட்டு, திரையைத் தள்ளிக்கொண்டு நான் முன்னறைக்குப் போனேன்.

"அய்யம்மா, அவிய இருபத்தோரு நாள்னு சொல்லவே இல்ல. நாந்தான் சொன்னேன். ஒன் பிள்ளை ஏழு நாள்லயே நல்லாயிட்டா."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ஏன்க்கா?"

அய்யம்மாளின் கண், என் பின்னாலேயே வந்து நின்ற பிள்ளையிடம் போனது. நான் தைத்த கவுன், நான் கட்டிய ரிப்பன், வாயோரத்தில் கடலை மிட்டாய். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒழுங்கு கலையாத அறை. சுவரில் ஒரு கிறுக்கல் கிடையாது.

"நான் எந்திரத்தைப் பாதியில நிறுத்திட்டுப் பஸ்சுக்கு ஓடியிருக்கேன்க்கா," என்றாள். குரல் உயரவில்லை. "எல்லாரும் சிரிச்சாளுவ. அஜரத்து சொல்லு, தட்டக்கூடாதுன்னு ஓடுனேன்."

"தப்புதான்."

"என்கிட்டக் கேட்டிருந்தா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வந்து விட்டிருப்பேனே. ஒரு வார்த்தை கேக்க ஒங்களுக்கு என்ன?"

பிள்ளையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். செம்பை எடுக்கவில்லை. படி இறங்கும்போது, வாரேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ராமுத்தாய் மட்டும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "நாளைக்குப் புட்டு," என்றாள்.

சனிக்கிழமை காலையில் அவர் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினார். பள்ளிவாசல் வேலையைத் தவிர வேறெதற்கும் வாசல் ஏறிப் பேசத் தெரியாதவர். மத்தியான லுகர் தொழுகைக்கு மோதினாரைத் தொழவைக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மத்தியானம் திரும்பி வந்து ஜிப்பாவைக் கழற்றி மாட்டினார்.

"தப்பு எங்க வீட்டுலதான், அய்யம்மா மேல இல்லன்னு சூப்பர்வைசர்கிட்டச் சொன்னேன். திங்கக்கிழமை வரட்டும், பாப்போம்னான். மம்சாபுரத்துல எறங்கி அதுகிட்டயும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"தலைய ஆட்டுச்சு."

"ராமுத்தாயப் பாத்தீகளா?"

"தூங்குச்சு," என்றார். கொஞ்சம் கழித்து, "நல்லாத் தூங்குச்சு," என்றார்.

அன்று அசருக்குப் பிறகு இருமல்காரர் ஒருத்தர் வந்துபோனார். பிறகு யாரும் வரவில்லை. அவர் பாயைச் சுருட்ட எழுந்தபோது நான் போய் அதில் உட்கார்ந்தேன், எல்லோரும் உட்காருகிற இடத்தில்.

"என்ன ஜெய்த்தூனு?"

"ஓதிப் பாருங்க."

அவர் நின்றபடியே இருந்தார். பத்தொன்பது வருஷத்தில் நான் கேட்டதில்லை, அவரும் கூப்பிட்டதில்லை. தொழுது முடித்து எனக்காக அவர் கையேந்தியதெல்லாம் தெரியும். ஆனால் முகத்துக்கு முகம் உட்கார்ந்து ஓதி, அதற்குப் பிறகும் ஒன்றும் நடக்காமல் போனால், விடிந்ததும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் எப்படிப் பார்ப்பது என்று இரண்டு பேருக்குமே பயம் இருந்திருக்க வேண்டும். அந்தப் பயத்தைச் சுற்றியே வீட்டைக் கூட்டிப் பெருக்கி வந்திருக்கிறோம்.

"எல்லார்கிட்டயும் கேக்குற மாதிரிக் கேளுங்க," என்றேன்.

உட்கார்ந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "பேரு?"

"ஜெய்த்தூன்."

"தாய் பேரு?"

"செய்யதம்மா."

அடுத்த கேள்விக்கு முன் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தார். "என்ன செய்யுது?"

யோசித்துப் பார்த்தேன். பிள்ளை வேண்டும் என்று சொல்லத் தோன்றவில்லை. அதை எத்தனையோ பேரிடம் சொல்லித் தேய்ந்துவிட்டது.

"கை சும்மா இருக்க மாட்டேங்குது," என்றேன்.

அவர் என் தலையில் கை வைத்தார். பிஸ்மி சொல்லி அல்ஹம்தைத் தொடங்கினார். எத்தனையோ பேருக்காகத் திரைக்குப் பின்னாலிருந்து கேட்ட குரல், முன்னால் உட்கார்ந்து கேட்கும்போது வேறாக இருந்தது. ஒவ்வொரு ஆயத்துக்கும் நடுவில் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. ஆயத்துல் குர்ஸியில் எங்கும் நிற்கவில்லை. கடைசிச் சூரா முடிந்து குரல் ஓய்ந்தபோது தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். நான் கண்ணை மூடினேன். அவர் குனிந்து என் முகத்தில் ஊதினார். நெற்றியில் விழுந்து கிடந்த நரைமயிர் ஒன்று எழுந்து, கொஞ்ச நேரம் அந்த மூச்சிலேயே நின்று, மெல்லக் கீழே இறங்கியது.