பெரியவளுக்குப் பிரேக் சோதனை

அந்த வீட்டின் மூத்த மகள் ஒரு கார்.

கல்யாணமான புதிதில் அப்பா வாங்கிய கார் அது. மகள் பிறந்தது அதற்குப் பிறகுதான். அதனால் கார் பெரியவள், மகள் சின்னவள் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அம்மா மட்டும் இந்த உறவுமுறையை ஒப்புக்கொள்ளவே இல்லை. "மூத்த பொண்ணாம், மூத்த பொண்ணு! எனக்கு அது சக்களத்தி" என்பாள்.

அப்பா தையற்காரர். கோட்டுத் துணியில் கத்தரி வைப்பதற்குள் நான்கு தடவை அளந்து பார்க்கிற ஆள். பெரியவளின் சீட்டுகளுக்கு அவரே உறை தைத்தார். தைத்து முடித்த அன்று, கசங்கிவிடும் என்று அதில் யாரையும் உட்கார விடவில்லை.

சின்னவள் நடை பழகியது பெரியவளின் பம்பரைப் பிடித்துக்கொண்டுதான். பள்ளிக்கூடத்தில் ஒருவன் "உங்க வீட்டு டப்பா கார்" என்று சொல்லப்போக, அவன் காதைக் கடித்து வைத்தாள். அன்று அம்மா அடித்தாள். அப்பா யாருக்கும் தெரியாமல் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். இப்படி வளர்ந்தவள் வேறு என்ன வேலைக்குப் போவாள்? அரசாங்கத்தின் வாகனப் பரிசோதனை நிலையத்தில் பரிசோதகர் ஆனாள்.

அங்கேதான் சிக்கல் வந்தது.

பழைய கார்களை வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குக் கொண்டுவர வேண்டும். தேறாவிட்டால் ஒரு மாதத்துக்குள் இன்னொரு வாய்ப்பு. அதிலும் தேறாவிட்டால் நம்பர் பிளேட்டைக் கழற்றிவிடுவார்கள். பிறகு அந்தக் கார் போகிற இடம் பழைய இரும்புக் கடைதான். தன் குடும்பத்தார் வண்டியைப் பரிசோதகர் தொடக்கூடாது என்று இன்னொரு விதியும் உண்டு. அதனால் அப்பா இத்தனை வருடமும் பெரியவளை வேறொரு நிலையத்துக்குத்தான் கூட்டிப்போனார். இந்த வருடம் அதை இழுத்து மூடிவிட்டார்கள். சின்னவளின் அலுவலகத்தை விட்டால் வேறு வழியில்லை.

அங்கே இரண்டு தடங்கள். முதலாவது சின்னவளுடையது. மற்றதில் இருந்தவருக்கு ஆகட்டும் சார் என்று பெயர். யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும், ஆகட்டும்" என்பார். இரக்க சுபாவம். ஒரு வண்டியை நிராகரித்தால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அன்று காலை அப்பா இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையில் வந்து இறங்கினார். பின்சீட்டில் அம்மா, கையில் தூசி துடைக்கும் துணியோடு. பெரியவள் தலைமுதல் கால்வரை பளபளத்தாள்.

"இது காரா, கண்ணாடியா?" என்றார் ஆகட்டும் சார். "முகம் பார்த்துத் தலை வாரலாம் போல இருக்கே!"

"வாருங்க. ஆனா பக்கத்துல நின்னு வாராதீங்க, சீப்பு பட்டுடப் போகுது" என்றார் அப்பா.

விளக்கு, ஹாரன், புகை எல்லாம் சரி. கடைசியாகப் பிரேக். தரையில் பதித்த இரும்பு உருளைகளின் மேல் சக்கரங்களை நிறுத்தினார்கள். உருளை சுழன்று சக்கரத்தைச் சுற்றும். பிரேக்கை மிதிக்க வேண்டும். எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதை எதிரே கம்பத்தில் இருக்கும் இரண்டு முட்கள் காட்டும், இடது சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று.

அப்பா மிதித்தார். முட்கள் பாதி தூரம்கூட ஏறவில்லை. நடுங்கிவிட்டுக் கீழே விழுந்தன.

"இன்னொரு தடவை மிதிங்க ஐயா."

மிதித்தார். அதே நடுக்கம்.

ஆகட்டும் சார் கழுத்தைச் சொறிந்தார். குரலைத் தாழ்த்தினார். "வயசான வண்டி. நீங்க பிள்ளை மாதிரி வச்சிருக்கீங்க. மேடத்தோட அப்பா வேற. ஆகட்டும், பாஸ் போட்டுடறேன்."

"போடாதீங்க" என்று பக்கத்துத் தடத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

சின்னவள்தான். அவளும் முட்களைப் பார்த்துவிட்டிருந்தாள்.

"நீ உன் வேலையைப் பாரும்மா" என்றார் அப்பா. "நானே என் கையால போன வாரம் பிரேக் ஷூ மாத்தினேன். அது எப்படிப் பிடிக்காமப் போகும்?"

"முள் ஏறலையே அப்பா."

"உன் முள்ளு பொய் சொல்லுது."

"மிஷினுக்கு உங்க மேல என்ன கோபம்? முன்னபின்ன பார்த்தது கூட இல்லையே!"

"கூடப் பிறந்தவளையே காட்டிக் குடுக்கிற!"

வரிசையில் நின்ற டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சின்னவளுக்குக் காது சிவந்தது. ஆனால் அவள் நகரவில்லை. "பிரேக் இல்லாம அவளை ரோட்டுல விட்டாத்தான் நான் அவளுக்குத் துரோகி" என்றாள். பிறகு ஆகட்டும் சாரிடம், "சார், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்க. நான் ஒட்டக் கூடாது, நீங்கதான் ஒட்டணும்."

அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டே ஒட்டினார். கோணலாகப் போய்விட்டது. அந்தக் கோபத்திலும் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒட்டறதுதான் ஒட்டறீங்க, நேரா ஒட்டித் தொலைங்க!"

பெரியவளை லாரியில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். டிரைவர் பக்கத்தில் அம்மா உட்கார்ந்து போனாள். அப்பா ஏற மறுத்து நடந்தே போனார்.

மறுநாளிலிருந்து அப்பா சின்னவளோடு பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் அம்மாதான் தபால்காரர்.

"உன் பொண்ணுகிட்டச் சொல்லு, உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லி."

"அவர்கிட்டச் சொல்லும்மா, ஞாயிற்றுக்கிழமை பெரியவளோட நாலு சக்கரத்தையும் கழட்டப் போறேன். ஜாக்கியை எடுத்து வைக்கச் சொல்லு."

"ஒண்ணும் கழட்ட வேண்டாம்னு சொல்லு."

"கழட்டத்தான் போறேன்னு சொல்லும்மா."

"நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டுக் கூப்பிடுங்க" என்று அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

சின்னவள் சும்மா இருக்கவில்லை. அலுவலகத்து ஜீப்பை இரண்டாம் தடத்து உருளையில் ஏற்றினாள். முட்கள் சரசரவென்று ஏறிச் சரியான இடத்தில் நின்றன. வேறு இரண்டு வண்டிகளையும் ஏற்றிப் பார்த்தாள். மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. அப்படியானால் பிரேக்தான். ஷூவை மாற்றியபோது அப்பா எங்கோ தவறு செய்திருக்கிறார். கழற்றினால் தெரிந்துவிடும், தெரிந்தால் சரிசெய்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஷெட்டுக்குப் போனபோது ஜாக்கி தயாராக இருந்தது. அதன் பக்கத்தில் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதல் சக்கரம் வந்தது. டிரம்மைக் கழற்றினாள். உள்ளே ஷூ புத்தம்புதிது. ஸ்பிரிங் சரியாக மாட்டியிருந்தது. எண்ணெய்க் கசிவு துளியும் இல்லை. இரண்டாவது சக்கரமும் அப்படியே. மூன்றாவது, நான்காவது... அப்பாவின் தையலில் எப்படிக் குறை சொல்ல முடியாதோ, அப்படித்தான் இருந்தது இந்த வேலையும்.

"உன் பொண்ணு இப்ப என்ன சொல்றான்னு கேளு" என்றார் அப்பா, வாசலில் நின்ற அம்மாவிடம்.

"பிரேக்ல குத்தம் இல்லைன்னு சொல்லும்மா. மிஷின்லயும் குத்தம் இல்லை. நானே சோதிச்சுப் பார்த்துட்டேன்."

ஜெயித்துவிட்ட அப்பாவின் முகத்தில் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் காணாமல் போனது. பிரேக் சரி, மிஷின் சரி என்றால் அடுத்த தடவையும் அந்த முட்கள் அதே இடத்தில்தான் நடுங்கும். எதைச் சரிசெய்வது? சரிசெய்ய எதுவுமே இல்லை என்றால் பெரியவளை எப்படிக் காப்பாற்றுவது? அவர் பெரியவளின் மட்கார்டில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"விட மாட்டேன்" என்றாள் சின்னவள், யாரிடம் என்றில்லாமல். "ஏதோ இருக்கு. இல்லாம முள் விழாது."

சக்கரத்தை மறுபடி மாட்டுவதற்காகத் தூக்கினாள். அது அவள் கையிலிருந்து வழுக்கிக் கால் கட்டைவிரலுக்கு அருகில் விழுந்தது. "சே" என்று மறுபடி தூக்கினாள். மறுபடி வழுக்கியது. உள்ளங்கையைப் பார்த்தாள். கரேலென்று மின்னியது. மோந்து பார்த்தாள். டயரைத் திருப்பி, தரையில் படுகிற பட்டன்களுக்கு நடுவே கட்டைவிரலால் வழித்தாள். வெண்ணெய் மாதிரி வந்தது.

"அப்பா, டயருக்கு என்ன போட்டீங்க?"

நேரடிக் கேள்வி. அம்மா வழியாகப் போகவில்லை. அப்பாவும் மறந்துபோய் நேரடியாகவே பதில் சொன்னார். "பாலிஷ்தான். எப்பவும் போடறதுதானே?"

"எப்பவும் பக்கவாட்டுலதானே போடுவீங்க?"

"ஆமா."

"இந்தத் தடவை?"

அப்பா தொண்டையைச் செருமினார். "சுத்திப் போட்டேன்."

"ரோட்டுல படுற பட்டன்லயுமா?"

"முதல் தடவையா உன் ஆபீசுக்குக் கூட்டிட்டு வர்றேன். உன்கூட வேலை பாக்கிறவங்க கண்ணு படும். கால்ல அழுக்கோடவா கூட்டிட்டு வருவாங்க?" என்றார் அப்பா. "வரிசையில நிக்கும்போது கொஞ்சம் மங்கின மாதிரி தெரிஞ்சுது. இன்னொரு கை போட்டேன்."

சின்னவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரிப்பு வந்தது. பிரேக் ஒழுங்காகத்தான் பிடித்திருக்கிறது. மிஷினும் ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறது. நடுவில் இருந்த டயர்தான், ஊரே மெச்சும்படி மினுங்கிக்கொண்டு, உருளையின் மேல் வழுக்கி விளையாடியிருக்கிறது.

பிறகு சிரிப்பு நின்றது.

"அப்பா, நம்ம தெரு இறக்கத்துல இந்தச் சக்கரத்தோடதான் வந்தீங்க. அம்மாவைப் பின்னாடி உட்கார வச்சுக்கிட்டு."

அப்பா குனிந்து டயரைத் தொட்டுப் பார்த்தார். அம்மாதான் பேசினாள். "சிக்னல்ல ஒரு தடவை சர்ருன்னு போச்சே, நான் கூடக் கத்தினேனே? ரோட்டை ஒழுங்கா போடலைன்னு சொன்னீங்களே?"

"ரோடுதான்னு நெனச்சேன்" என்றார் அப்பா. குரல் உள்ளே போயிருந்தது. "பெரியவ மேல தப்பு இருக்கும்னு தோணவே இல்லை." வலது காலை ஒரு தடவை தரையில் அழுத்திப் பார்த்தார், பிரேக் அங்கே இருப்பதுபோல. "அன்னிக்கு அவர் பாஸ் போட்டிருந்தா, அப்படியே உங்கம்மாவை ஏத்திக்கிட்டுத் திரும்பி வந்திருப்பேன். இல்லே?"

சின்னவள் எழுந்தாள். வாளியை எடுத்தாள்.

"குடு இப்படி" என்று அப்பா பிடுங்கிக்கொண்டார். "பூசினவன் நான். நான்தான் தேய்க்கணும்."

சோப்புத் தண்ணீர், கம்பித் தூரிகை, அதற்கு மேல் உப்புத்தாள். நாலு சக்கரத்தையும் அவர்தான் தேய்த்தார். பட்டனுக்கு இடையில் தூரிகை நுழையாத இடத்துக்கு, தையல் பிரிக்கிற ஊசியில் துணி சுற்றி விட்டுத் துடைத்தார். அம்மா பாத்திரம் தேய்க்கிற நாரைக் கொண்டுவந்து கொடுத்தாள். "ஆயுசுல ஒரு நாளாவது இதைக் கையில பிடிச்சிருக்கீங்களா? என் பாத்திரத்துக்குக் கிடைக்காத பாக்கியம் சக்களத்திக்குக் கிடைச்சிருக்கு."

டயர்கள் வெளிறிப்போய் நின்றன.

"காய்ச்சல்ல கிடந்து எழுந்தவ மாதிரி இருக்கா" என்றார் அப்பா. "பக்கவாட்டுல மட்டும் லேசா ஒரு..."

"தொடக் கூடாது. டெஸ்ட் முடியற வரைக்கும் பாலிஷ் டப்பா என்கிட்டதான் இருக்கும்."

"கை அரிக்குதும்மா."

"அரிச்சா நாலு கோட்டு சேர்த்துத் தைங்க."

மறுபரிசோதனை நாள் வந்தது. லாரியிலிருந்து பெரியவள் இறங்கினாள், பூச்சு இல்லாத கால்களோடு. ஆகட்டும் சார் ஓடி வந்தார். அவர் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"ஐயா, இந்தத் தடவை நீங்க கவலையே படாதீங்க. முள் எங்க நின்னாலும் நான் பாத்துக்கறேன்."

"எங்க நின்னாலுமா?" அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க நிக்கணுமோ அங்க நிக்கணும் சார். நிக்கலைன்னா பிளேட்டை நானே கழட்டித் தர்றேன். என் பொண்ணு இங்க வேலை பாக்கிறா. அவ ஒரு தடவை சொன்னது எனக்குப் புரிஞ்சுபோச்சு. நீங்களும் புரிஞ்சுக்குங்க."

"ஆக... ஆகட்டும்" என்றார் அவர், கொஞ்சம் பயந்துபோய்.

சின்னவள் தன் தடத்தில் ஒரு பால் வேனின் அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்ப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். நேற்றே மேலதிகாரியிடம், "அந்த நேரத்துல நான் அந்தப் பக்கம் போக மாட்டேன், பார்க்கவும் மாட்டேன்" என்று சொல்லியாகிவிட்டது. காதை மட்டும் என்ன செய்வது? உருளை சுழலத் தொடங்கியது கேட்டது. சுழலும் ஓசை ஏறிக்கொண்டே போனது. டார்ச் வெளிச்சம் வேனின் அடியில் ஒரே இடத்தில் நின்றது.

கிறீச்சென்று ஒரு சத்தம். உருளை முனகிக்கொண்டு நின்றுபோனது.

"பாஸ்!" என்று கத்தினார் ஆகட்டும் சார். "நான் ஒண்ணும் பண்ணலை, தானா பாஸ்!"

பின்சக்கரங்களுக்கும் அதே கிறீச். அதே கத்தல். அவர் நேராக, மிக நேராக, பச்சை ஸ்டிக்கரை ஒட்டினார்.

"சின்னவளே!" அப்பா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "திரும்பிப் பாரேன்!"

"வேலை நேரத்துல கூப்பிடாதீங்க" என்றாள் வேனின் அடியிலிருந்து.

"ரிசல்ட் போட்டாச்சு. ஸ்டிக்கரும் ஒட்டியாச்சு. இனிமே பார்த்தா என்ன தப்பு? சார், முன் சக்கரத்துக்கு இன்னொரு தடவை போடுங்க. அவ பாக்கணும்."

சின்னவள் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். திரும்பினாள். உருளை சுழன்றது, அப்பா மிதித்தார். கம்பத்தில் இரண்டு முட்களும் ஒன்றை ஒன்று விடாமல் மேலே ஏறி, கோட்டைத் தாண்டி, அசையாமல் நின்றன. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பால் வேன்காரர் ஹாரன் அடித்தார். அவளுக்குக் கேட்கவில்லை. அவர் மறுபடி அடித்தார்.

அவள் கண்ணைத் துடைத்தாள். கையிலிருந்த கரி முகமெல்லாம் ஆயிற்று.

"பார்த்துட்டேன். தடத்தைக் காலி பண்ணுங்கப்பா, பின்னாடி வண்டி நிக்குது."

"ஒரு நிமிஷம் நின்னா என்னவாம்?"

"எடுங்கன்னா எடுங்க!"

அப்பா கியரைப் போட்டார். பின்னால் காத்திருந்த டாக்சிக்காரரைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தார்.

"ஜாக்கிரதையா இருங்க" என்றார் அவரிடம். அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "அந்த முதல் தடத்துல நிக்கிறாளே, பெத்த அப்பனையே விடாதவ."