தூங்குமூஞ்சி மரத்தில் ஓர் ஆணி

கிள்ளானில் கன்னையாவுக்கு மரக்கடை. எதிர் வரிசையில் பாலன் மரக்கடை திறந்தபோது மாலையோடு போய் வாழ்த்தியவர் அவர்தான். போட்டியாளனின் சரக்கைப் பார்ப்பதற்கு ஒரு மாலை மலிவான டிக்கெட்.

வயிறு எரியத் தொடங்கியது, பாலன் ஓர் அறுவை இயந்திரத்தை வாங்கிய பிறகு. லோரியின் பின்னால் கட்டி இழுத்துப் போய், மரம் விழுந்த இடத்திலேயே பலகையாக அறுத்துக் கொடுத்தான். கன்னையா கடையில் ஈ ஓட்டினார்.

செலாயாங் ஊரில் மாந்திரீகம் பார்க்கும் ஒருவன் வழி சொன்னான். சாமி மரத்தில், எதிரியின் பேரைச் சொல்லி ஆணி அடித்தால் அவன் தொழில் படுத்துவிடுமாம். ரயில் பாதையோரம் இருந்த முனீஸ்வரர் கோயிலின் தூங்குமூஞ்சி மரத்தில், பாதையைப் பார்த்த பக்கமாக, கன்னையா ஆணியைத் தலை தெரியாமல் இறக்கினார். அந்த மாதம் முதல் பாலனுக்கு ஆர்டர் கூடியது.

அப்புறம் புயல்மழையில் அந்த மரமே சாய்ந்தது. அன்னதான மேசைக்குப் பலகை போட, கோயில் தலைவி இராஜம்மா பாலனைக் கூப்பிட்டார். கன்னையாவும் போனார், வேடிக்கை பார்க்க.

பாலன் சுற்றிலும் கயிறு கட்டினான். "பிளேடுக்கு நேரா யாரும் நிக்காதீங்க. அறுந்தா பறக்கும், என் மாமியாரையும் விடாது!"

கூட்டம் சிரித்தது. பயமுறுத்துவதற்கும் கைதட்டல் வாங்குகிறான் என்று கன்னையா பல்லைக் கடித்தார்.

கிளை கழித்துத் தரையில் கிடந்த அடிமரத்தின் மேல் பாலன் இரும்பைக் காட்டும் கருவியை நகர்த்தினான். சத்தமில்லை. பிறகு நெம்புகோலால் மரத்தை உருட்டி இயந்திரத்தில் ஏற்றி இறுக்கினான். சேற்றில் அமுங்கியிருந்த பக்கம் மேலே வந்தது. ரயில் பாதையைப் பார்த்த பக்கம்.

"இந்தப் பக்கமும் ஒரு வாட்டி பாத்துடுறேன், ஆன்டி."

"அதான் பாத்தியேப்பா! ராகு காலம் வருதுலா, முதல் வெட்டு போட்டுடு!"

பாலன் கருவியை லோரியில் வைத்தான். காதுகளை மூடும் கவசத்தை மாட்டிக்கொண்டு எஞ்சினைக் கிளப்பினான்.

கன்னையாவுக்கு முதலில் உள்ளம் குளிர்ந்தது. பிளேடு ஆணியில் மோதும், அறுந்து போகும், ஊரே பார்க்கும். பிளேடு மரத்தைத் தொட்டது. பாலன் இயந்திரத்தின் பிளேடு பொருத்திய தலையைத் தள்ளிக்கொண்டு ஆணியை நோக்கி நடந்தான். கன்னையா ஆணி அடித்தது கடை படுக்கத்தான்; அறுந்து வரும் பிளேடுக்கு அவன் முகமா, அவன் கடையா என்று தெரியாது.

"பாலா, நிறுத்து!" கன்னையா கத்தினார். கவசம் மாட்டிய காதுக்கு எட்டவில்லை. கயிற்றுக்கு வெளியிலேயே ஓடிப்போய் பாலனின் கண்ணுக்கு எதிரே நின்று, இரு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டினார். எஞ்சின் அடங்கியது. பிளேடு நிற்கும்வரை பாலன் அசையவில்லை.

"என்ன அண்ணே?"

"அந்தக் கருவிய இங்க வைச்சுப் பாருடா."

வைத்ததும் கருவி கீச்சிட்டது. உளியால் தோண்டி ஆணியை எடுத்தான்.

"துருகூட ஏறல!" என்றார் இராஜம்மா. "எந்தப் பாவி எவனுக்கு அடிச்சானோ! உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது, கன்னையா?"

"பட்டையில தழும்பு தெரிஞ்சது. மரக்கடைக்காரன் கண்ணுலா."

இராஜம்மா அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? கை காட்டின உடனே நிறுத்திட்டான்! தொழில்னா இதுலா தொழில்!"

கோயில் பொன்னாடை பாலன் தோளில் விழுந்தது.

மரம் முழுவதையும் மறுபடி சோதித்துவிட்டுப் பாலன் அறுத்தான். தேன் நிறத்தில், நடுவில் கறுத்த ரேகை ஓட, அகலமாக ஒரு பலகை பிரிந்தது. கன்னையா தம் கடையில் அப்படி ஒன்றை வைத்ததே இல்லை.

"அண்ணே, அந்த முனையக் கொஞ்சம் பிடிங்க," என்றான் பாலன்.

பிடித்தார். கனமாக இருந்தது. கூட்டம் பாலனைப் படம் எடுத்தது. பலகையின் மறுமுனையில், படத்துக்கு வெளியே, கன்னையா சிரித்துக்கொண்டே நின்றார்.