சிவப்புத் துணி கட்டிய காய்

காம்பு திருகத் திருக வரவில்லை. கத்தியை எடுக்காமல் வந்தது தன் தப்புதான் என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. காலில் செருப்புமில்லை. ஈர மண் விரல் இடுக்கெல்லாம் ஏறிக்கொண்டது. புருஷனைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டு எல்லோரும் திரும்பி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. பெண்டாட்டிக்காரி கொல்லையில் நின்று ஒரு கத்தரிக்காயோடு மல்லுக்கட்டுகிறாள். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? நினைத்துவிட்டுப் போகட்டும்.

"என்னம்மா பண்ற அங்க?" என்று மகன் பின்வாசலில் வந்து நின்றான். "அதான் கடைலருந்து சாப்பாடு வந்திருக்கே."

"உங்கப்பா வளர்த்தது. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ."

"இப்ப யாரும்மா கேட்டா?"

"நான் கேட்டேன்."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நாளைக் காலை அவன் மனைவிக்கு ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுக்கப்போகிறார்கள். சாயங்கால பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை. அவனைக் குறை சொல்லவும் முடியாது, போ என்று சொல்ல வாயும் வரவில்லை.

காய் கடைசியில் கையோடு வந்தது. மஞ்சள் பாய்ந்த முத்தல். காம்பில் சிவப்புத் துணி ஒன்று முடிச்சுப் போட்டிருந்தது. அது தனக்கென்று எடுத்துவைத்த அடையாளம் என்றுதான் அவள் நினைத்தாள். நினைக்காமல் என்ன செய்வாள்? பளபளவென்ற பிஞ்செல்லாம் தெருவுக்கு. முத்தலும் சொத்தையும் வீட்டுக்கு. முப்பது வருஷமாக அதுதான் நடந்தது. கேட்டால், "முத்தலுக்கும் ருசி குடுக்க உன்னை விட்டா யாரு இருக்கா?" என்று ஐஸ் வைப்பார். அவளும் உருகித் தொலைப்பாள்.

தெருவுக்கே அவர் கண்டக்டர். பஸ்ஸை விட்டு இறங்கிப் பதினொரு வருஷம் ஆகியும் விசில் கழுத்தை விட்டு இறங்கவில்லை. கல்யாணமான புதிதில் அவள் களை என்று நினைத்து ஒரு பாத்தி மிளகாய் நாற்றைப் பிடுங்கிப் போட்டாள். அடுத்த வாரமே அவர் உதவி செய்கிறேன் என்று வந்து, கொதிக்கிற பானையில் இரண்டாம் தடவை உப்பைக் கொட்டினார். அன்றோடு சரி. பின்வாசல் படிக்கு அந்தப் பக்கம் அவர் ராஜ்யம், இந்தப் பக்கம் அவள் ராஜ்யம். கூடையைப் படியில் வைத்துவிட்டு ஒரு விசில் கொடுப்பார். படியோரம் ஒரு வாளி இருக்கும். அரிசி களைந்த தண்ணீர், காய் அலசிய தண்ணீர் எல்லாவற்றையும் அவள் அதில் ஊற்றவேண்டும். அதைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, காலி வாளியைப் பழைய இடத்தில் வைத்து இரண்டு விசில். அதாவது, ரைட், போகலாம்.

நறுக்கித் தண்ணீரில் போட்டாள். அலசிய தண்ணீரைப் பின்வாசலுக்குக் கொண்டுபோய், பார்க்காமலே வாளியில் கவிழ்த்தாள். வெங்காயத்தோடு வதக்கி மகன் தட்டில் வைத்தாள். அவன் மென்றான், மென்றுகொண்டே இருந்தான்.

"ரொம்ப முத்தல்மா."

"உனக்கு எப்பவும் ஒரு நொட்டை."

அவன் முழுவதையும் சாப்பிட்டான். கண் கலங்கியது. காரம் என்றான். அவள் மிளகாயே போட்டிருக்கவில்லை.

பஸ்ஸுக்கு அவன் கிளம்பிப் போன கையோடு எதிர்வீட்டுத் தையல்காரர் வந்தார். கண்டக்டருக்குத் தோட்டக் கூட்டாளி. அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து கழுத்தில் போட்டபடி, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நின்றார்.

"அண்ணி, இந்த நேரத்தில கேக்கக்கூடாது. மனசு கேக்கல. அந்த வரிக்கத்தரி விதைக்காய் செடியிலதான இருக்கு?"

"எந்தக் காய்?"

"சிவப்புத் துணி கட்டியிருப்பாரே. நான்தான் கடையிலருந்து வெட்டித் துணி குடுத்தேன். என் செடி மொத்தமும் பூச்சி அடிச்சுப் போச்சு. போன வருஷ விதைய அண்ணன் ஊர் பூரா வாரிக் குடுத்துட்டாரு, அவனுங்க ஒருத்தனும் எடுத்து வைக்கல. இப்ப இருக்கறது அந்த ஒரு காய்தான் அண்ணி. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டும் அதையேதான் கேட்டாரு. பறிச்சிடப் போறாங்க, பாத்துக்கோன்னாரு."

அவள் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"பத்திரமா இருக்கு" என்றாள்.

"அப்பாடா. ரெண்டு நாள் போகட்டும், நான் வந்து பிரிச்சுத் தரேன். ஒண்ணும் பெரிய வேலையில்ல, தண்ணில போட்டா நல்ல விதை அடியில தங்கும், பதர் மேல மிதக்கும். அவ்வளவுதான்."

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். சட்டியில் அவள் பங்கு மீதி இருந்தது. விரலால் கிளறினாள். விதைகள் எண்ணெயில் பொரிந்து கறுத்திருந்தன.

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்று சட்டியைப் பார்த்துக் கத்தினாள். "ஊருக்கெல்லாம் சொல்லத் தெரியுது, எனக்குச் சொல்ல வாய் வரலியா உங்களுக்கு?" அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து நான்கு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. அதற்காகத்தான் அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து, அடங்கும்வரை அழுதாள்.

பிறகு எழுந்தாள். பொழுது சாயப்போகிறது என்று உலையை அடுப்பில் ஏற்றினாள். அரிசியை அளந்து களையும்போதுதான் பார்த்தாள், இரண்டு பேருக்குப் போட்டிருந்தாள். போகட்டும் என்று களைந்தாள். தண்ணீரைக் கொண்டுபோய் வாளியில் ஊற்றினாள்.

சில்லென்று கால் நனைந்தது. வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இந்த வீட்டில் அந்த வாளி வழிந்து அவள் பார்த்ததே இல்லை.

குனிந்து பார்த்தாள். மேலே இரண்டு விதைகள் மிதந்தன. மத்தியானம் காய் அலசிய தண்ணீர் இதற்குள்தான் இருக்கிறது. நல்லது அடியில் தங்கும்.

தூக்கிக் கவிழ்த்தால் எல்லாம் மண்ணோடு போய்விடும். உள்ளே போய்ச் செம்பையும் டீ வடிகட்டியையும் எடுத்துவந்தாள். கலங்காமல் மேலாக ஒரு செம்பு மொண்டு, எங்கே ஊற்றுவது என்று பார்த்தாள். மிளகாய்ச் செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. அவற்றின் தூரில் ஊற்றினாள். அடுத்த செம்பு வெண்டைக்கு. அதற்கடுத்தது அவரைப் பந்தலுக்கு. குனிந்து நிமிர்ந்து இடுப்பு விட்டுப்போனது. கடைசியாகக் கத்தரிச் செடிக்கு வந்தபோது வாளியில் நாலு விரல் ஆழம்தான் பாக்கி. அதன் தூரில் டீ வடிகட்டியைப் பிடித்து மிச்சத்தை அதில் ஊற்றினாள்.

அரிசிக் குறுநொய்க்கு நடுவே தட்டையாக, வெளிர் மஞ்சளாகச் சில விதைகள். கொஞ்சம்தான். நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்துச் செய்தித்தாளில் வைத்தாள். ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. குப்பையில் கிடந்த சிவப்புத் துணியைத் தேடி எடுத்துக் கழுவிப் பக்கத்திலேயே காயப்போட்டாள்.

காலி வாளியைக் கொண்டுவந்து படியோரம் அதே இடத்தில் வைத்தாள். கொல்லையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். ஈர மண் வாசனை வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

"ரைட்" என்றாள், யாருக்கும் கேட்காத மாதிரி.

உள்ளே உலை கொதிக்கும் சத்தம் கேட்டது. போய் அரிசியைப் போட்டாள்.