கம்பெனி செய்த உதவி

அந்த வருடம் பியானோ கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் ஏழு பியானோக்கள் தூசி தட்டுவதற்கென்றே நின்றன. தயாரிக்கிற கம்பெனியிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து சுற்றிப் பார்த்தார்.

"கவலைய விடுங்க சார். விக்க வைக்கிறது எங்க பொறுப்பு."

புது விளக்குகள் வந்தன, விளம்பரப் பலகை வந்தது. கடைசியாக அந்தப் பெரிய உதவியும் வந்தது: பியானோ வாங்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வருடம் இலவச வகுப்பு. ஆசிரியையைக் கம்பெனியே அனுப்பும். கடைக்காரர் மாடியறையைக் கொடுத்தால் போதும்.

மாடியறையில் இருபத்தாறு வருடமாகப் பாடம் நடத்திவந்தது கடைக்காரரின் அக்கா. கடையில் விற்றவற்றில் பாதி அவளிடம் படித்த பிள்ளைகள் வாங்கியவை.

"எங்க அக்காவையே போட்டுடலாமே?" என்று இழுத்தார் கடைக்காரர்.

"தாராளமா. எங்க பரீட்சை ஒண்ணு இருக்கு, அதுல பாஸ் பண்ணிட்டா சரி."

பரீட்சை வைக்க வந்து, விரல் வளைவு சரியில்லை என்று அக்காவை ஃபெயிலாக்கியவளுக்கு வயது இருபத்துநான்கு.

"ஒரு வருஷந்தானே, பொறுத்துக்கோக்கா."

"அடிமடியிலேயே கை வெச்சுட்டுப் பொறுத்துக்கோங்கிறியேடா" என்றாள் அக்கா. மறுநாளே ஆள் வைத்துத் தன் பியானோவை வீட்டுக்கு இறக்கிக்கொண்டு போனாள்.

பியானோக்கள் மளமளவென்று விற்றன. இலவசம் என்றால் யாருக்குக் கசக்கும்? அக்காவின் மாணவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது ஒரு நர்ஸின் மகள் மட்டும். அந்த வீட்டில் பியானோ கிடையாது. ஒற்றைப் பிள்ளைக்காக எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? அக்கா வேறு ஊரில் இருக்கும் தன் மகளோடு போய்த் தங்க முடிவுசெய்தாள். பியானோவை அந்தச் சிறுமிக்குச் சும்மாவே கொடுத்துவிட்டாள்.

அதற்குள் அதிகாரி அடுத்த உதவியோடு வந்தார். பழைய பியானோவைக் கொடுத்தால் புதியதில் பெரிய தள்ளுபடி. ஒரே நிபந்தனை, பழையதைக் கடைக்காரர் உடைத்து, வரிசை எண் தெரிகிற மாதிரி படம் அனுப்ப வேண்டும்.

"எதுக்கு சார் உடைக்கணும்?"

"பழசு ஊரச் சுத்திட்டே இருந்தா புதுசை யார் வாங்குவா?"

இரண்டாவது வாரம் வாசலில் ஒரு சிறிய வேன் வந்து நின்றது. நர்ஸ் இறங்கினாள். பின்னால் அக்காவின் பியானோ.

"டீச்சரம்மா குடுத்ததுதான். ஆனா அவங்களும் போயிட்டாங்க, பாப்பாவுக்கு இனி யாரு சொல்லித் தருவா? புதுசு வாங்கினா கிளாஸ் உண்டுன்னாங்க."

அவளைக் குறை சொல்லக் கடைக்காரருக்கு வாய் வரவில்லை. பேசாமல் திருப்பி அனுப்பிவிடலாமா என்று யோசித்தார். ஆனால் கம்பெனி வைத்த இலக்குக்கு இன்னும் ஒன்று குறைந்தது. எட்டவில்லை என்றால் விற்பனை உரிமை அடுத்த தெருக் கடைக்குப் போய்விடும். கையெழுத்துப் போட்டார்.

கடையில் சுருதி சேர்க்கும் ட்யூனரைக் கூப்பிட்டுச் சுத்தியலை நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"இது அக்காவோடது சார். நான் கை வைக்க மாட்டேன்."

கடைக்காரரே பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய் உடைத்தார். தடித்த கம்பிகள் அறுந்தபோது பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. படம் அனுப்பினார். ஒரே நிமிடத்தில் கம்பெனியிலிருந்து கட்டைவிரல் உயர்த்திய பொம்மை பதிலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். ஊரைவிட்டுப் போன பிறகு அவளாகப் பேசுவது அதுதான் முதல் தடவை.

"நர்ஸோட பொண்ணு வாசிக்குதாடா?"

"நல்லா வாசிக்குதுக்கா."

"மழை ஆரம்பிச்சா என் பியானோவுல மேல்கட்டை சுருதி கலையும். நம்ம ட்யூனர ஒரு நடை அவங்க வீட்டுக்கு அனுப்பி வை. மறந்துடாத."

"சரிக்கா, அனுப்பறேன்" என்றார் கடைக்காரர். ட்யூனர் வேலையை விட்டு நின்று அன்றோடு நான்கு நாள் ஆகியிருந்தது.