கடைசி என்று ஒரு ஃபைல்

ஒரே ஒரு வார்த்தையை மாற்றியதற்கு அவளுக்கு நேற்று ஆபீசில் கைதட்டல் கிடைத்தது.

ஊரெல்லாம் நிரல் எழுதுகிறவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு, அதாவது லைப்ரரி, அவளுடையது. அதில் ஃபைலைச் சேமிக்கும் கட்டளை, அதே பெயரில் ஒன்று ஏற்கெனவே இருந்தால், 'இந்தப் பெயரில் இருக்கிறது' என்று சொல்லி நின்றுவிடும். ஆறு வருடமாக அப்படித்தான், ஆறு வருடமாகத் திட்டும் அப்படித்தான். பக்கத்து மேஜைக்காரருக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். "எதுக்கு இந்தத் தொணதொணப்பு? கேக்காம பழசு மேலயே எழுதிட்டுப் போகட்டுமே" என்று அவர் நச்சரித்தே அவளைக் கரைத்துவிட்டார். கட்டளையில் அந்த ஒரு வார்த்தையை மாற்றி நேற்று புதுப் பதிப்பை வெளியிட்டாள். இனி வேண்டாம் என்று தனியாகச் சொல்லாவிட்டால் பழையது அழிந்துபோகும், புதியது உட்கார்ந்துகொள்ளும்.

இன்று காலை அக்கா கூப்பிட்டாள். அக்கா ஆற்று நீரை ஆராய்கிறவள். இரண்டு வருடம் வாரம் தவறாமல் முழங்கால் தண்ணீரில் நின்று எடுத்த அளவுகள்தான் அவளுடைய முனைவர் பட்டம். அவற்றைச் சேமிப்பதும் தங்கையின் லைப்ரரியை வைத்துத்தான்.

"கடைக்குட்டி, உன் லைப்ரரி சரியில்லடி. சோதிச்சுப் பாக்கலாம்னு பொய்யா பத்து வரி நம்பரைப் போட்டு, 'கடைசி'ன்னு சேமிச்சேனா..."

"இரு. ஆத்து அளவெல்லாம் எந்த ஃபைல்ல இருக்கு?"

அக்காவுக்கு எல்லாமே 'கடைசி'தான். வேறு பெயர் வைக்க அவளுக்குப் பொறுமை கிடையாது.

"அதுவும் 'கடைசி'தான்" என்றாள் அக்கா. குரல் இறங்கிவிட்டது.

"நகல்?"

"எடுக்கணும்னு நெனச்சுட்டே இருந்தேன்."

புதுப் பதிப்பைப் போட்டுக்கொள் என்று நேற்று பெருமையாக அக்காவுக்குச் செய்தி அனுப்பியதே அவள்தான். "திறந்து பாரு. எத்தனை வரி இருக்கு?"

மவுஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது. பத்து என்று மட்டும் சொல்லிவிடாதே என்று அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆயிரத்து இருநூத்துச் சொச்சம். எல்லாம் அப்படியே இருக்கு. அதைத்தானே சொல்ல வந்தேன், சேமிக்க விடாம சிவப்பு எழுத்துல கத்துச்சுன்னு."

"புதுப் பதிப்பு போடலையா நீ?"

"எங்க? சோம்பலா இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. போன மூச்சு திரும்பி வந்தது. அக்காவின் சோம்பலை வாழ்நாளில் முதன்முறையாக மனதார வாழ்த்தினாள்.

போனை வைத்த கையோடு அந்த வார்த்தையைப் பழையபடி மாற்றி இன்னொரு பதிப்பை வெளியிட்டாள். மேலே எழுதியே ஆகவேண்டும் என்பவர்கள் அதைக் கட்டளையிலேயே வாய்விட்டுச் சொல்லட்டும். 'அவசரம்' காரணம் கேட்டார். சொன்னாள். அவர் தன் ஃபைல்களை நகல் எடுக்க ஆரம்பித்தார்.

சாயங்காலம் மறுபடியும் அக்கா. "நகல் எடுத்துட்டேன். நீ இப்ப வெளியிட்டதையும் போட்டுட்டேன். ஆனா இதுவும் அதே மாதிரி தொணதொணக்குதுடி."

"தொணதொணக்கட்டும்க்கா" என்றாள் அவள்.